பாதி விலை

அத்தியாயம் 14

வெள்ளிக்கிழமை வராமலே போய்விடாதா என்று வாரம் முழுக்க ஏங்கினாள் அண்ணி. அது பாட்டுக்கு வந்து நின்றது.

போன வாரம் கிரெடிட் கார்டு வசூல்காரர், "வெள்ளிக்கிழமை கூப்பிடுறேன் மேடம், உடம்பப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தார். அந்தக் கடைசி வார்த்தைதான் அவளைத் தின்றுகொண்டிருந்தது. அவர் திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். பணத்தையும் கேட்டு, உடம்பையும் விசாரிக்கிற மனிதரை என்ன செய்வது?

அந்தக் குடும்பத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நாத்தனாருக்கு அண்ணி. அதைக் கேட்டுக் கேட்டு அக்கம்பக்கத்துக்கும் அண்ணி. அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையின் முதலாளிகூட, அவளைவிடப் பத்து வயது மூத்தவர், "அண்ணி, அந்த ஃபிரேமை எடுங்க" என்பார்.

முதுகுக்குப் பின்னால் இன்னொரு பெயரும் உண்டு. ஆஃபர் அண்ணி. செல்லமாக வைத்ததுதான். எந்தப் பொருளானாலும் அவள் போய்ப் பேசினால் பாதி விலைக்கு வந்துவிடும் என்பது அந்தக் குடும்பத்தின் நம்பிக்கை.

முதல் தடவை அது நிஜமாகவே நடந்தது. நாத்தனாருக்கு ஒரு வாஷிங் மெஷின் வாங்கப் போனபோது, மூடப்போகிற கடை ஒன்றில் பாதி விலைக்குத் தள்ளிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து விலையைச் சொன்னதும் எல்லாருடைய முகமும் மலர்ந்தது. அவள் புகுந்த வீட்டில் சமைத்தாள், துவைத்தாள், சம்பளத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். எதற்கும் மலராத முகங்கள் அதற்கு மலர்ந்தன. "நம்ம அண்ணி கெட்டிக்காரி" என்றார்கள்.

இரண்டாவது தடவை ஆஃபர் எதுவும் இல்லை. ஆனால் முகங்கள் காத்திருந்தன.

அண்ணி பாதி விலையைச் சொன்னாள். அவர்கள் பாதியைக் கொடுத்தார்கள். மீதிப் பாதியை அட்டையில் தேய்த்தாள். அடுத்த மாதம் கட்டிவிடலாம் என்றுதான் நினைத்தாள். அடுத்த மாதம் வேறு யாருக்கோ மிக்சி தேவைப்பட்டது.

இப்போது அவளிடம் மூன்று அட்டைகள். இரண்டாவது, முதலாவதைக் கட்ட வாங்கியது. மூன்றாவது, இரண்டாவதைக் கட்ட. நான்காவதை எந்த வங்கியும் தரவில்லை. இதில் ஒன்றுகூட அவள் கணவனுக்குத் தெரியாது.

*

கடையில் அன்று முதல் ஆளாக வந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. புதுக் கண்ணாடி காதுக்குப் பின்னால் அழுத்துகிறது என்றார்.

அண்ணி கண்ணாடியைக் கழற்றி, அதன் காலைச் சூடான மணல் தட்டில் கொஞ்சம் புதைத்து எடுத்து, இளகியதும் கட்டைவிரலால் வளைத்தாள். மேஜை இழுப்பறைக்குள், மூக்குப் பட்டைகளுக்கும் குட்டித் திருகாணிகளுக்கும் நடுவே, அவளுடைய போன் அதிர்ந்தது. திருகாணிகள் எல்லாம் சேர்ந்து நடுங்குகிற சத்தம் வந்தது.

"யாரோ கூப்பிடுறாங்கம்மா," என்றார் ஆசிரியை.

"எங்க வீட்டுக்காரருங்க. அப்புறம் பேசிக்கலாம்."

பொய் அவளுக்கு மூச்சு மாதிரி ஆகிவிட்டது. யோசிக்கவே வேண்டாம்.

மறுபடி அதிர்ந்தது. அவள் போனை எடுத்துக்கொண்டு, பழைய பெட்டிகள் அடுக்கிய பின்னறைக்குப் போனாள்.

"வணக்கம் மேடம். உடம்பு எப்படி இருக்கு?"

"சொல்லுங்க சார்."

"மினிமம் தொகையாவது இன்னிக்குக் கட்டிடுங்க மேடம். மூணு மாசமா அதுவும் வரலை. சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும்தான் என் கையில இருக்கு."

"அதுக்கு அப்புறம்?"

"அப்புறம் சிஸ்டம் அடுத்த நம்பரைக் காட்டும் மேடம். நீங்க அப்ளிகேஷன்ல தெரிஞ்சவங்கன்னு ஒரு நம்பர் குடுத்திருக்கீங்களே, அவங்களைக் கூப்பிடச் சொல்லும். நான் வேணும்னு செய்யலை. என் வேலை அப்படி."

அண்ணி சுவரில் சாய்ந்தாள். அந்த விண்ணப்பத்தை நிரப்பிய நாள் நினைவுக்கு வந்தது. உறவினர் ஒருவரின் எண் கேட்டார்கள். அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஒரே எண்தான்.

நாத்தனாரின் எண்.

*

நாத்தனாருக்குப் பெயர் பாப்பா. அதாவது எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். வீட்டுக்குக் கடைசிப் பெண் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர், நாற்பது வயதாகி, கல்லூரிக்குப் போகும் மகள் இருந்தும் உதிரவில்லை.

புருஷன் இன்னொருத்தியோடு போனபோது பாப்பா அழவில்லை. பிறந்த வீட்டுக்கும் திரும்பி வரவில்லை. ஒரு தையல் மெஷினை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடச் சீருடை தைத்தாள். யாரிடமும் கைநீட்டியதில்லை. அண்ணி ஏதாவது வாங்கிக் கொடுத்தால், பொருள் வீடு வந்து சேர்வதற்குள் பணத்தைக் கொண்டுவந்து நீட்டுவாள். "எனக்கு ஒருத்தருக்குக் குடுக்கணும்னு இருந்தா தூக்கம் வராது அண்ணி" என்பாள்.

சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பாப்பாதான் கடைக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். உடம்பெல்லாம் நூல் பிசிறு. முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணி! கெடைச்சிடுச்சு!"

"என்ன?"

"ஆர்டர்! பெரிய ஸ்கூலு. மூணு வகுப்புக்கு மொத்தமும் எனக்கு. வீட்ல வச்சு முடியாது, ரூம் பாத்து அட்வான்சும் குடுத்தாச்சு. இங்கேருந்து நடக்கிற தூரம்தான்."

"அட்வான்ஸ் குடுத்துட்டியா? அவ்வளவு பணம் ஏது?"

"துணி ஓரம் அடிக்க ஓவர்லாக் மெஷின் வாங்கணும்னு சேத்து வச்சிருந்தேன்ல? அதுல பாதிய எடுத்துக் குடுத்துட்டேன்."

"அப்ப மெஷினுக்கு?"

பாப்பா கைப்பையிலிருந்து ஒரு தடித்த உறையை எடுத்து, கண்ணாடி மேஜைமேல் வைத்தாள். அவள் கண்ணில் குறும்பு.

"அதான் நீங்க இருக்கீங்களே. பாதிக்கு வாங்கிக் குடுங்க."

அண்ணி உறையைப் பார்த்தாள். கீழே மேஜைக் கண்ணாடிக்குள் வரிசையாக ஃபிரேம்கள். காதும் மூக்கும் இல்லாமல் எல்லாம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

இப்போது சொல்லிவிடலாம். பாப்பா, ஓவர்லாக் மெஷினை யாரும் பாதிக்குத் தர மாட்டாங்க. வாஷிங் மெஷினைத் தவிர எதையும் யாரும் தரலை. இரண்டே வாக்கியம். அவள் நாக்கு அதற்குத் தயாராகிக்கூட விட்டது.

"பாக்குறேன்," என்றாள் அண்ணி. "ஒருத்தர் தெரிஞ்சவர் இருக்காரு."

தெரிஞ்சவர்! அப்படி ஒருவர் எங்கிருந்து வந்தார்? அவள் வாயிலிருந்து பிறந்து, சட்டை போட்டுக்கொண்டு, கடை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"எனக்குத் தெரியும்!" பாப்பா கையைத் தட்டினாள். "ரூம்காரர் கேட்டாரு, ஏம்மா, சேத்ததுல பாதிய அட்வான்சுல போட்டுட்டா மெஷினுக்கு என்ன பண்ணுவேன்னு. எங்க அண்ணி இருக்காங்க சார், அவங்களப் பாத்தாலே கடைக்காரங்க காலண்டர் சேத்துக் குடுப்பாங்கன்னேன்."

முதலாளி உள்ளேயிருந்து சிரித்தார். "அது சரி. எங்கிட்டயே சம்பளத்தைத் தவிர எல்லாத்தையும் பேசி வாங்கிடுவாங்க."

"சாயங்காலம் ரூமுக்கு வாங்க அண்ணி. அண்ணனும் ஷெல்ஃப் மாட்ட வர்றேன்னுச்சு."

கதவு மூடிய பிறகும் அண்ணி உறையைத் தொடவில்லை. பிறகு யாராவது பார்த்துவிடுவார்கள் என்று எடுத்துப் பைக்குள் போட்டாள்.

சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

*

நினைப்பு எப்போது வந்தது என்று அவளால் சொல்ல முடியாது. ஒருவேளை உறையைப் பார்த்த கணத்திலேயே வந்திருக்கும். உள்ளுக்குள் ஒருத்தி எப்போதும் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தாள். வெளியே இருந்தவளுக்குத் தெரிய வந்தது மாலை தலைவலி என்று சொல்லிக் கடையை விட்டுக் கிளம்பியபோதுதான். கால்கள் வங்கியின் பணம் போடும் மெஷினை நோக்கி நடந்தன.

மினிமத்தைக் கட்டினால் அந்த மனிதர் பாப்பாவைக் கூப்பிட மாட்டார். உறையில் மினிமத்துக்குத் தேவையான பணமும் அதற்கு மேலும் இருந்தது. எடுத்ததைப் பிறகு எப்படியாவது போட்டு வைத்துவிடலாம்.

பிறகு எப்படியாவது. அந்த இரண்டு வார்த்தைகளை வைத்துத்தான் இத்தனை வருடமாகக் குடும்பம் நடத்தினாள்.

அவளுக்கு முன்னால் ஒருவர், பின்னால் மூன்று பேர். முறை வந்ததும் அட்டை எண்ணை அழுத்தி, நோட்டுகளை மெஷினின் வாயில் வைத்தாள். மெஷின் விழுங்கியது, படபடவென்று எண்ணியது, ஒரே ஒரு நோட்டைத் துப்பியது.

எடுத்துப் பார்த்தாள். மடிப்பில் ஒரு நீல நூல் ஒட்டியிருந்தது. சீருடை நீலம். அதைப் பிய்த்துவிட்டு மறுபடி வைத்தாள். மறுபடி துப்பியது.

"திருப்பி வைங்கக்கா," என்றாள் பின்னால் நின்ற பெண்.

திருப்பி வைத்தாள். துப்பியது.

"வேற நோட்டு இல்லையா? எங்களுக்கும் நேரம் ஆவுதுல்ல," என்றது இன்னொரு குரல்.

அண்ணிக்குக் காது சூடாகிவிட்டது. பின்னால் நிற்கிறவர்கள் எல்லாருக்கும் இது யாருடைய பணம் என்று தெரிந்துவிட்டதுபோல் இருந்தது. ரத்து என்ற பொத்தானை அழுத்தினாள். மெஷின் மொத்தப் பணத்தையும் வெளியே தள்ளியது. வாரி எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

தெருவில் நின்றபோதுதான் உண்மை உறைத்தது. மனசாட்சி உறுத்தி அவள் திரும்பவில்லை. வரிசையில் நின்றவர்களுக்குக் கூச்சப்பட்டுத் திரும்பியிருந்தாள். நோட்டு ஒழுங்காக இருந்திருந்தால் இந்நேரம் பாப்பாவின் மெஷின் வங்கிக்குள் போயிருக்கும்.

கடன் வந்தபோதுகூட அவள் தன்னை இவ்வளவு அருவருத்ததில்லை. கடன் எல்லாருக்கும் வரும். இது திருட்டு.

இன்னும் கொஞ்ச நேரத்தில் ஐந்து மணி. முன்பின் தெரியாத ஒருவர் பாப்பாவிடம் சொல்வதற்குள் தான் போய்ச் சொல்லிவிட வேண்டும். அதுவும் நல்ல எண்ணம் இல்லை, பயம்தான். ஆனால் நடக்க வைத்தது அதுதான். கிட்டத்தட்ட ஓடினாள்.

*

பாப்பா ஸ்டூல்மேல் ஏறி நின்று ஜன்னல் கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சின்ன அறை. புதுச் சுண்ணாம்பு வாசனை. மூலையில் சாக்பீஸால் ஒரு கட்டம் வரைந்து வைத்திருந்தாள்.

"அங்கதான் அண்ணி ஓவர்லாக். வெளிச்சம் இடது பக்கம் விழுதா பாருங்க."

"எறங்கு பாப்பா."

"இருங்க, இந்த ஒரு கம்பி."

"எறங்குன்னு சொல்றேன்ல!"

பாப்பா இறங்கினாள். அண்ணி உறையை நீட்டினாள். கசங்கிய நோட்டுகள் வெளியே எட்டிப் பார்த்தன.

"என்ன, மெஷின் வித்துப் போச்சா?"

"பாதிக்கு மெஷின் கிடைக்காது."

"பரவால்ல, கொஞ்சம் கூடன்னாலும்..."

"கிடைக்காது பாப்பா. எதுவுமே பாதிக்குக் கிடைக்காது. எனக்கும் கிடைச்சதில்ல. மொதல் வாஷிங் மெஷின் மட்டும்தான். மிச்சதெல்லாம் முழு விலைக்கு வாங்கி, உங்ககிட்ட பாதி சொன்னேன். மீதிய கார்டுல போட்டேன். இப்போ கட்ட முடியலை."

சொல்லி முடித்ததும் பாரம் இறங்கும் என்று கேள்விப்பட்டிருந்தாள். இறங்கவில்லை. நடுத்தெருவில் புடவை அவிழ்ந்ததுபோல் இருந்தது.

பாப்பா கையிலிருந்த ஈரத்துணியைப் பிழிந்தாள். ஏற்கெனவே பிழிந்த துணி. தண்ணீர் வரவில்லை.

"என்னோட பிரிட்ஜ்?" என்று கேட்டாள்.

"பாப்பா, அதெல்லாம் இப்ப எதுக்கு?"

"பிரிட்ஜ் என்ன விலை அண்ணி?"

அண்ணி சொன்னாள்.

"கட்டிலு?"

சொன்னாள்.

"பாப்பாத்தியோட லேப்டாப்?" மகளை அவள் பாப்பாத்தி என்றுதான் கூப்பிடுவாள்.

அதையும் சொன்னாள். ஒவ்வொரு விலையும் அவள் வாயிலிருந்து முதல்முறையாக முழுசாக வந்தது. மேஜைக்குப் பின்னால் நின்று நாள் முழுக்க விலை சொல்கிறவள்தான். ஆனால் இந்த விலைகளைச் சொல்ல ஒவ்வொன்றுக்கும் எச்சில் விழுங்க வேண்டியிருந்தது.

பாப்பா கோபப்படுவாள் என்று எதிர்பார்த்திருந்தாள். அழுவாள் என்றும். பாப்பா ஸ்டூலில் மெதுவாக உட்கார்ந்தாள்.

"ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேனே அண்ணி," என்றாள். "என் வீட்ல இருக்கிற ஒவ்வொரு சாமானும் என் கைக்காசுன்னு. அவன் போனதுக்கு அப்புறம் எனக்குன்னு இருந்தது அந்த ஒரு பேச்சுதான்."

"உனக்குக் கஷ்டமா இருக்கக் கூடாதுன்னு..."

"எனக்காகவா செஞ்சீங்க?"

அண்ணியால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. அவளுக்கே தெரியும். அவர்களுடைய முகங்களுக்காகச் செய்தாள். அந்த வீட்டில் தன்னைக் கெட்டிக்காரி என்று ஒருமுறை சொன்னதை இன்னொரு முறை கேட்பதற்காக.

"என்னைக் கேக்காமலே என்னைக் கடன்காரி ஆக்கிட்டீங்களே அண்ணி."

அப்போது பாப்பாவின் போன் அடித்தது. அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆமா, தெரியும், எங்க அண்ணிதான்," பாப்பாவின் குரல் கேட்டது. "பக்கத்துலதான் இருக்காங்க. ...இல்ல சார், இன்னிக்குக் கட்ட மாட்டாங்க. ...நாளைக்கும் மாட்டாங்க. இருந்தாத்தானே கட்டுவாங்க? ...சார், நீங்க இனிமே இந்த நம்பருக்குப் பேசாதீங்க. நான் கையெழுத்துப் போடலை. அவங்க திங்கக்கிழமை பேங்குக்கே நேரா வருவாங்க. சம்பளம் இவ்வளவு, மாசா மாசம் இவ்வளவுதான் முடியும், வட்டிய நிறுத்தித் தவணையாக்கிக் குடுங்கன்னு எழுதிக் குடுப்பாங்க. அதுக்கு யாரைப் பாக்கணும்னு மட்டும் சொல்லுங்க. ...என் உடம்பா? என் உடம்புக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு!"

போனை வைத்துவிட்டு, "யாரு இவன், டாக்டரா?" என்றாள் பாப்பா.

அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் வேறு ஏதோ ஆகிவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பாப்பா அவளைத் தேற்ற வரவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள்.

"கார்டு மூணையும் குடுங்க."

கொடுத்தாள். பாப்பா துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோலை எடுத்தாள். ஆறு துண்டும் தரையில் விழுந்தன.

"ஓவர்லாக்கை வெளியில குடுத்து அடிச்சுக்கிறேன். உருப்படிக்கு இவ்வளவுன்னு வாங்குவாங்க. லாபம்னு ஒண்ணும் நிக்காது, ஆர்டர் கைய விட்டுப் போகாம இருந்தாச் சரி." உறையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "உங்களுக்குத் தர வேண்டிய பாதியை மாசா மாசம் தந்துடுவேன்."

"வேணாம் பாப்பா. ஐயோ, அது வேணாம்."

"வேணாம்னு சொல்ற உரிமை உங்களுக்கு இல்ல அண்ணி."

அவள் அதைச் சத்தமில்லாமல்தான் சொன்னாள். இத்தனை வருடத்தில் பாப்பா அவளிடம் மன்னிப்பு கேட்காமல் பேசிய முதல் கடுமையான வார்த்தை அது. அண்ணி தலையாட்டினாள். வாங்கிக்கொள்வதும் ஒரு தண்டனைதான் என்று அப்போது புரிந்தது.

"இன்னும் ஒண்ணு கேக்கணும்," என்றாள் பாப்பா. "அண்ணனோட காரு?"

அண்ணி தரையில் கிடந்த அட்டைத் துண்டுகளைப் பார்த்தாள்.

அவள் கணவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஊருக்கு மாஸ்டர். பக்கத்து இருக்கையிலும் பிரேக், கிளட்ச் வைத்த அந்தக் காரைத்தான் அவர் தன் வாழ்க்கையின் ஒரே வெற்றியாக நினைத்துக்கொண்டிருந்தார். புதுசாகப் பழக வருகிறவர்களிடம் முதல் பாடமே அதுதான். "இந்த வண்டி என்ன விலை இருக்கும் சொல்லுங்க? என் சம்சாரம் பேசி முடிச்சது."

"அண்ணி, உங்களத்தான் கேக்குறேன். கார்லயுமா?"

"அதுலதான் ரொம்ப," என்றாள் அண்ணி.

"அண்ணனுக்குத் தெரியாது?"

"எதுவுமே தெரியாது."

பாப்பா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"

வாசலில் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அண்ணி தரையில் கிடந்த அட்டைத் துண்டுகளைக் காலால் ஸ்டூலுக்கு அடியில் தள்ளினாள். தள்ளிய பிறகுதான் என்ன செய்தோம் என்று தெரிந்தது. பாப்பா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மாஸ்டர் ஒரு கையில் டிரில்லிங் மெஷினும் மறு கையில் மரப்பலகையுமாக உள்ளே வந்தார். வேர்த்து விறுவிறுத்திருந்தது.

"இன்னிக்கு ஒரு அம்மா, ரிவர்ஸ் எடுன்னா கண்ணை மூடிக்கிறாங்க. பயமாம். கண்ணை மூடினா எனக்கில்ல பயமா இருக்கு?" என்று சிரித்தவர், இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன, சம்பந்தி சண்டை மாதிரி ஆளுக்கொரு பக்கம் நிக்கிறீங்க?"

"உக்காருண்ணா," என்றாள் பாப்பா. "அண்ணி உங்கிட்ட ஒரு விலை சொல்லணுமாம்."

"ஓ, மெஷின் முடிஞ்சிடுச்சா?" மாஸ்டர் பலகையைச் சுவரில் சாய்த்தார். அவர் குரலில் இருந்த பெருமையை அண்ணியால் தாங்க முடியவில்லை. "சொல்லு, சொல்லு. இந்தத் தடவை எவ்வளவு கொறைச்ச?"

"மெஷின் இல்லைங்க. நம்ம கார்."

"காருக்கு என்ன?"

"அதுல ஒண்ணுமே கொறைக்கலைங்க."

"வெளையாடாத," என்றார் மாஸ்டர், டிரில்லிங் மெஷினைக் கீழே வைக்காமலே.

அண்ணி காரின் விலையைச் சொன்னாள். முழு விலையை. பிறகு, அதில் இன்னும் எவ்வளவு கட்டாமல் கிடக்கிறது என்பதையும், அவர் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னாள்.